பின்னறை வாசலுக்கு றொட் மாட்டவில்லை

மகள்,

மற்ற எல்லா இடத்திலும் மாட்டியாகிவிட்டது. முன் யன்னல்கள், உன் அறை, குசினிக்குப் போகும் வாசல் எல்லாம் முடிந்தது. பின்னறை வாசலுக்கு மட்டும் திரைச்சீலை றொட் மாட்டவில்லை. நான் மறக்கவுமில்லை, றொட் குறையவுமில்லை. அது பெட்டியோடு அலுமாரிக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது. மாட்டப்போவதில்லை என்று போனில் சொன்னபோது நீ அழுதாய், நான் கத்தினேன். ஹொட்டல் ஜெனரேற்றர் அறைக்குள் நின்றபடியால்தான் அப்படிக் கத்த முடிந்தது. பிறகு நீ போனை வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கும் கோபம் வர நேரமாகும். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குள் கூட்டி வருகிற இந்தக் கரையில், அநேகமான வீடுகளில் ஒரு பின்னறை உண்டு. அதற்குள் வீட்டைக் கொடுத்த இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பெயர் எதுவும் போடவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கப் பாசிக்குடா ஹொட்டலில் ஏசி, மோட்டர், உடைந்த பூட்டு, வெள்ளைக்காரர் தொங்கி விளையாடி வளைத்த றொட் என்று திருத்திவிட்டு, லீவு நாளில் குருக்கள்மடத்துக்கு பஸ் ஏறி வந்து, அதே ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டில் ஏணியில் நிற்கிறேன். டெக்னிக்கல் கொலிஜில் படித்தவன் நான். கலியாணப் பெண்ணின் தகப்பன் என்றதும் ஊர் என்னைக் கிழவன் ஆக்கப் பார்க்கிறது. நாற்பத்துநாலு வயது கிழடு இல்லை. ஆனால் ஏணியில் நின்று தலைக்கு மேலே துளை போட்டால் நாற்பத்துநாலும் நாற்பத்துநாலாகத்தான் தெரிகிறது.

முதலில் றொட் விசயத்தை முடிக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காத்தான்குடிக் கடையில் நீ தங்க நிறத்தில், நுனியில் பூ வைத்ததைத் தூக்கியதும் கடைக்கார முஸ்லிம் அண்ணன், அந்தக் காக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க அண்ணன், டுபாய் மொடல். மகள்ட கண்ணு நல்ல இடத்திலதான் விழுந்திருக்கு."

நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். "காக்கா, இது உள்ளுக்குத் தகரம். எங்கட வாவிக் காத்துக்கு ரெண்டு மாரி தாங்காது. மறுகா துருத் தண்ணி சீலையில வடியும்."

"அப்ப சில்வர் எடுங்க. அது கிடக்கும், நம்மளுக்குப் பிறகும் கிடக்கும். ஆனா வடிவில்லியே."

"அப்பா," என்றாய் நீ, "நீங்க வீட்டுக்கு வாங்குறீங்களா, ஆஸ்பத்திரிக்கு வாங்குறீங்களா?"

காக்கா கல்லாவில் கை ஊன்றிச் சிரித்தார். கடைசியில் வாவிப் பக்க யன்னல்களுக்குச் சில்வர், உள்வாசல்களுக்கு உன் தங்கம் என்று பிரித்தோம். அது சரியான முடிவு, நான் ஒத்துக்கொள்கிறேன். உள்வாசலில் உப்புக் காற்று அவ்வளவு அடிப்பதில்லை. நீ ஆசைப்பட்ட இன்னொன்றுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹொட்டலில் இருப்பதுபோல் சீலிங் உயரத்திலிருந்து நிலம்வரை சீலை வேண்டும் என்று போனில் படம் காட்டினாய். சீலிங்கே இல்லாத ஓட்டு வீட்டில் சீலிங் உயரம் எது மகள்? யன்னலுக்கு மேலே இருக்கிற கொங்கிறீட்டில் துளை போட்டால் திருகாணிக்கு அடிக்கிற பிளக் இறுகப் பிடிக்கும். அதற்கும் மேலே இருப்பது உள்ளே பொள்ளலான கல். அங்கே பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். உன் சொல்லைக் கேட்டு முன் யன்னலில் அப்படி ஒன்று போட்டுப் பார்த்தேன். கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து என் தலையில் விழுந்தது. சாந்து குழைத்து அடைத்துவிட்டேன், பெயின்ற் அடித்தால் தெரியாது. கச்சான் காலத்தில், கோடை வெக்கையோடு வாவியிலிருந்து அடிக்கிற காற்று நிலம்வரை தொங்குகிற சீலையைப் பாய்மரம் ஆக்கிவிடும். அதனால் யன்னலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கினால் போதும். ஓரத்தை மடித்துத் தைக்கும்போது உள்ளே கொஞ்சம் பாரம் வைக்கச் சொல். அகலமான யன்னலுக்கு நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் றொட் வயிறு போட்டுவிடும்.

லெவல் வைத்து மாட்டிய முன் யன்னல் றொட்டைப் பார்த்து உன் அம்மா கீழே நின்று, "சரிஞ்சிருக்கு," என்றாள்.

"லெவல்ல குமிழி நடுவில நிக்குது. ஒரு சரிவும் இல்ல."

"குமிழி நிக்கட்டும். கூரை வளையப் பாருங்க. வீடு கிழக்கால சரிவு. நான் பிறந்த நாளில இருந்து சரிவு. வீடு சரிஞ்சு நிக்கக்குள்ள நீங்க றொட்ட மட்டும் நேராக்கினா, றொட்தான் கோணலாத் தெரியும்."

கழற்றி, வீட்டின் சரிவுக்கே மாட்டினேன். இப்போது நேராகத் தெரிகிறது. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.

இனிப் பின்னறைக்கு வருகிறேன். அந்த வாசலுக்கு ஏன் கதவு இல்லை, சீலை மட்டும் ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தச் சீலைக்குள்ளால் ஓடி விளையாடி வளர்ந்தவள் நீ. உனக்கு அது சுவர் மாதிரி. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. இது உன் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. முறைப்படி அவளைப் பெற்ற மாமாவும் மாமியும் ஒதுங்கிப்போக வேண்டும். வளவின் மூலையில் தங்களுக்கு ஒரு சின்ன வீடு கட்ட நினைத்து அத்திவாரம்கூட வெட்டியிருந்தார்கள். அந்த யுத்த காலத்தில் யாரால் எதைக் கட்டி முடிக்க முடிந்தது? "கொஞ்ச நாளைக்கு" என்று பின்னறைக்குள் போனார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்றால் இந்தக் கடிதம் சுலபமாக இருந்திருக்கும். நல்ல மனிதர்கள். அதுதான் தொல்லை. புது மாப்பிள்ளையாக வந்த கிழமை, மீன் கறியில் உப்புக் கொஞ்சம் கூட என்று உன் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். காதுக்குள், மகள். அடுத்த நாள் கறியில் உப்பே இல்லை. உன் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பிறகொரு முறை கட்டாருக்குப் போவோமா என்று நாங்கள் இரண்டு பேரும் குசுகுசுத்தோம். விடிந்ததும் மாமா முற்றத்தில் நின்று, வானத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "வெளிநாட்டுக்குப் போனவனெல்லாம் என்னத்தக் கண்டான்," என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நான் அவரிடம் கேட்கவில்லையே.

எனக்குப் பொறுமை இல்லை என்பது உனக்குத் தெரியும். நேரே போய், "மாமா, பின்னறைக்கு ஒரு கதவு போடுவம்," என்றேன்.

"கதவா?" மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஊர் என்ன சொல்லும் மகன்? மாமனையும் மாமியையும் மருமகன் பூட்டி வச்சிருக்கான் எண்டு சொல்லும். வேணாம். சீலையக் கொஞ்சம் தடிப்பாப் போடுங்க."

தடிப்பாகப் போட்டோம். இரண்டு றொட், இரண்டு சீலை. படித்தவன் நான்தான் போட்டேன். துணி பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது என்று தெரியாமல் போட்டேன் என்று சொல்லமாட்டேன். தெரியும். வேறு ஒன்றும் செய்ய முடியாதபடியால் போட்டேன். கதவு போட்டிருந்தாலும் பலன் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நிமிர்ந்து பார், இந்த வீட்டின் உள்சுவர் எதுவும் கூரையைத் தொடுவதில்லை. சத்தம் மேலால் போகிறது. சீலிங் அடித்தால் நிற்கும், ஆனால் கச்சான் வெக்கையில் ஆட்கள் அவிந்துபோவார்கள்.

அதன்பிறகு மாமா அறுவடை முடிந்த பின்னும் வயல் வட்டைக் காவல் குடிலிலேயே படுக்கத் தொடங்கினார். நெல்லே இல்லாத வயலில் என்ன காவல்? யானை வரும் என்றார். வெட்டின வயலுக்கு யானை எதற்கு வருகிறது? எங்களுக்கு இடம் விட்டுப் போனார். நாங்களும் போனதுதான். உன் அம்மாவும் நானும் குடும்பம் நடத்தியது மோட்டார் சைக்கிளில். என்ன கதைப்பதானாலும், "டவுனுக்கு ஒருக்காப் போய் வருவம்" என்று கிளம்புவோம். கல்லடிப் பாலம் வருமுன் சண்டை பிடித்து முடித்துவிடுவோம். திரும்பி வரும்போது உன் அம்மா என் முதுகில் சாய்ந்திருந்தால் சமாதானம். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தால் இன்னொரு முறை டவுனுக்குப் போக வேண்டும்.

மாமாவும் மாமியும் காலமான பிறகும் எங்களுக்குக் குரல் எழும்பவில்லை. நான் பாசிக்குடாவில் குவாட்டர்ஸில் தங்கினேன், நீ வளர்ந்தாய், வீடு அப்படியே மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது.

இப்போது வீடு உனக்கு. கொழும்பு வேலையை விட்டுவிட்டு வருகிறாய், மாப்பிள்ளைக்கு வந்தாறுமூலைக் கெம்பஸில் வேலை, எல்லாம் சரி. நாங்கள் கல்குடாப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போகிறோம் என்று நான் சொன்ன அன்று தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்க வந்திருந்த உன் மாமியார், "வயசு போன ரெண்டு பேரையும் எங்க கொண்டு தள்ளப் போறீங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது கூட இருக்கும். நீ உடனே, "அவங்க எங்கயும் போகமாட்டாங்க மாமி, பின்னறையில இருப்பாங்க," என்றாய். அன்றுதான் அந்தத் தங்க றொட்டை எங்களுக்கென்று எடுத்து வைத்தாய். நல்ல மனதோடுதான் செய்தாய், தெரியும். உன் மாமியார் போன பிறகு உன் அம்மாவிடம் நான் ஞாயம் பேசினேன். சுருக்கமாகத்தான் பேசினேன். பின்னறை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அந்தச் சீலைக்கு இந்தப் பக்கம் நான் இருந்திருக்கிறேன் என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க போவீங்க. உங்களுக்கு இது வந்த வீடு. எனக்குப் பிறந்த வீடு."

கொலிஜில் எந்தப் பாடத்திலும் அதற்குப் பதில் தரவில்லை. அவள் வராவிட்டால் நான் போக முடியாது. போனால் மனைவியை விட்டுப் போனவன் ஆவேன். இருந்தால் உன் மாப்பிள்ளைக்கு நான் மாமா ஆவேன், உப்பு முதற்கொண்டு எல்லாம் காதில் விழுகிற மாமா. கொஞ்ச நாள் றொட் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ லீவில் வந்து நின்றாய். மாப்பிள்ளையும் வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டு நானும் அம்மாவும் பின்னறையில் சரிந்தோம். நீங்கள் இருவரும் முன்னறையில் சீலைத் துணியை விரித்து யன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் ஏதோ பகிடி சொன்னார், அதுமட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை. நீ சிரித்தாய், உடனே அடக்கினாய்.

"ஷ்ஷ், மெல்ல. அம்மா ஆக்கள் படுத்திருக்காங்க."

"இஞ்ச வந்தா நான் எப்பவும் மெல்லத்தான்," என்றார் அவர். "கெம்பஸ்ல என்ட சிரிப்பு அடுத்த பில்டிங்குக்குக் கேக்கும். இஞ்ச எனக்குச் சிரிக்கப் பயமாயிருக்கு, உண்மையாச் சொல்றன்."

"பழகிடும்," என்றாய் நீ. "எங்கட வீட்டில ஒருத்தரும் சத்தமாக் கதைக்கிறல்ல. எங்கட அம்மாவும் அப்பாவும் ஒருநாளும் சண்டை பிடிச்சதில்ல தெரியுமா?"

பெருமையாகச் சொன்னாய். உன் குரலில் அந்தப் பெருமை எனக்குச் சுத்தமாகக் கேட்டது. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழும்பி, செருப்புப் போடாமல், பின்பக்கத்தால் வெளியே போனாள். நானும் போனேன். கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை ஊற்றிவிட்டு மறுபடி அள்ளினாள். அதையும் ஊற்றினாள்.

"பழகிடும் எண்டு சொல்லுதே," என்றாள். "என்னத்தப் பழகப் போகுது அந்தப் பொடியன்? சிரிக்காம இருக்கவா?"

நான் அவள் கையிலிருந்து வாளியை வாங்கி வைத்தேன்.

"அந்த வீட்டக் காட்டுங்க," என்றாள்.

கல்குடாவில் அவளிடம் கேட்காமலே நான் ஒரு வீடு பேசி முடித்து வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரியும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே மகள், உன்னில் கோபித்து நாங்கள் போகவில்லை. மாப்பிள்ளை எங்களைத் துரத்தவும் இல்லை. அந்தப் பேச்சு நாங்கள் கேட்டது என்று அவருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். அவர் சொன்னது சரி என்று சொல். பின்னறையை என்ன செய்வது என்பது உங்கள் பாடு. புத்தக அறையாக்கு, துணி காயப்போடு, சும்மா விடு. ஆனால் அதற்குள் யாரையும் குடிவைத்து நல்லபிள்ளை ஆக நினைக்காதே. உனக்குப் பிள்ளை பிறந்தால் அம்மா வந்து நின்று பார்ப்பாள். முடிந்ததும் அவளை பஸ் ஏற்றிவிடு. அவள் "இன்னும் ரெண்டு நாள்" என்றாலும் ஏற்றிவிடு. வீட்டுக்குள் சண்டை பிடியுங்கள். டவுனுக்குப் போய்ப் பிடிக்க வேண்டாம். இந்த ரோட்டில் இப்போது வாகனம் கூட. கறியில் உப்புக் கூடினால் அவர் உன்னிடம் வாய்விட்டுச் சொல்லட்டும், நீ அவரிடம் வாய்விட்டு, "நீங்களே சமைங்க" என்று சொல்.

ஊர் கதைக்கும். மகள் வீட்டை எடுத்துக்கொண்டு தாய் தகப்பனை வாடகை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று உன்னைத்தான் சொல்லும். அது எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. இதைப் பகிரங்கமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். யாராவது கேட்டால் இதை வாசிக்கக் கொடு. போகிறது எங்கள் முடிவு. உன் அம்மாவின் முடிவு என்று எழுதினால் இன்னும் சரி.

போன கிழமை அவளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே ஒரு தென்னை. குருக்கள்மடத்தில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே உன்னைப் பெற்றவள், பஸ் ஏறாவூர் தாண்டினதும் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இது பிழையோ என்று எனக்கே தோன்றிவிட்டது. திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. வீட்டைத் திறந்துவிட்டு நான் முன்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மெல்ல ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு பின்னால் குசினிக்குப் போனாள். பிறகு தண்ணீர் சீறுகிற சத்தம், அதற்கு மேலே உன் அம்மாவின் குரல்.

"என்ன மனிசன் நீங்க! பைப்பத் திறந்தும் பாக்காமலா வீடு எடுத்தீங்க? வோஷர் இல்ல, அடைக்கவும் ஏலா, என்ட சாறியெல்லாம் தண்ணி! ஹொட்டலுக்கெல்லாம் பைப் பூட்டுற ஆளாம்! டெக்னிக்கல் கொலிஜாம்!"

மகள், நான் சுவரில் கை வைத்தபடி அப்படியே நின்றேன். அவளைக் கட்டி இத்தனை வருடத்தில், ஒரு வீட்டுக்குள் நின்று உன் அம்மா என்னைச் சத்தம்போட்டு ஏசியதை அன்றுதான் கேட்டேன். குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மெயின் வால்வ பூட்டுங்க முதல்ல!" என்று நானும் முன்னறையில் நின்றே கத்தினேன். "கண்ணுக்கு முன்னால கிடக்கு, அது தெரியல்லயா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நானா வீடு பாத்தன்?"

பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே போய்விட்டாள். நாங்கள் நிறுத்தவில்லை.